பட்டாளத்துக்குப் போனவரைத் தேடி: வாசகர் கேள்வி, பதில்

இந்தப் பகுதிக்கு வழக்கமாக வரும் கடிதங்கள் பட்டா, வாரிசுச் சான்று, பழைய பத்திரம் ஆகியவற்றைப் பற்றியவை. இம்முறை வந்தவற்றில் ஐந்து கடிதங்கள், வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்திருந்தும், ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்கின்றன: வீட்டிலிருந்து போருக்குப் போய்த் திரும்பாதவரை எங்கே தேடுவது? ஆகவே இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை அவர்கள் விருப்பப்படி வெளியிடவில்லை.

வாசகி, மன்னார்குடி வட்டம்

கேள்வி: என் தாத்தாவின் அண்ணன், நாங்கள் பெரிய தாத்தா என்று சொல்பவர், இரண்டாம் உலகப் போரின்போது பட்டாளத்தில் சேர்ந்தார். கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்ததாம். சுபானு வருடம் மாசி மாதம் கடைசிக் கடிதம் வந்தது. பிறகு ஒரு தந்தி. அவர் மனைவி, எங்கள் பெரிய அப்பாயி, 1986-இல் இறக்கும் வரை பென்ஷன் வாங்கினார். எங்களிடம் எஞ்சியிருப்பவை ஒரு புகைப்படமும் நட்சத்திர வடிவில் ஒரு பதக்கமும்தான். காகிதங்கள் இருந்த டிரங்குப் பெட்டி கஜா புயலில் ஓடு பறந்து மழையில் ஊறிப்போயிற்று. பர்மா பக்கம் இறந்தார் என்பார்கள். பெரிய அப்பாயி படிக்கத் தெரியாதவர். அவர் ஒப்பாரி வைக்கும்போது ‘டிடிம்’ என்று ஒரு சொல் வரும், அதைப் பறையின் ஓசை என்று நினைத்திருந்தோம். ஓர் அலுவலகத்துக்கு இரண்டு முறை எழுதினோம், பதில் இல்லை. இறந்த தேதி தெரிந்தால் திதி கொடுக்கலாம் என்பது என் அப்பாவின் ஆசை. அவருக்கு இப்போது 81 வயது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அம்மா, எஞ்சியவை இரண்டு பொருள்கள்தாம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தபின் எனக்கு நான்கு சாட்சிகள் தெரிகின்றன: படம், பதக்கம், பென்ஷன், ஒப்பாரி. நீங்கள் ஓசை என்று ஒதுக்கிவிட்ட அந்தக் கடைசிச் சாட்சியிலிருந்தே தொடங்குகிறேன்.

டிடிம் என்பது ஓர் ஊரின் பெயர். பர்மாவின் சின் மலைப்பகுதியில், மணிப்பூரின் இம்பாலிலிருந்து தெற்கே மலைகளில் ஏறி இறங்கிச் செல்லும் சுமார் 160 மைல் நீளச் சாலையின் மறுகோடியில் அது இருக்கிறது. 1944-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் 17-ஆவது டிவிஷன் அங்கே நிறுத்தப்பட்டிருந்தது. மார்ச் நடுவில் ஜப்பானியரின் 33-ஆவது டிவிஷன் அந்தச் சாலையைப் பின்புறமாகப் பல இடங்களில் மறித்துவிட, மறித்த இடங்களை ஒவ்வொன்றாக மீட்டபடியே 17-ஆவது டிவிஷன் பின்வாங்கி, ஏப்ரல் தொடக்கத்தில் இம்பால் சமவெளிக்கு வந்து சேர்ந்தது. சுபானு வருடத்து மாசி என்பது 1944 பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரையிலான காலம். கடிதம் நின்ற மாதமும் ஒப்பாரியில் வந்த சொல்லும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. இதைக் குறிப்பு என்றுதான் கொள்ள வேண்டும், ருசு என்று கொள்ளக்கூடாது. ஆனால் நல்ல குறிப்பு.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். போர்க்காலத்தில் சிப்பாய் எழுதும் கடிதத்தில் தான் இருக்கும் ஊரின் பெயரை எழுதத் தணிக்கை இடம் கொடுக்காது. எனவே அந்தச் சொல் கடிதத்தின் வழியே வந்திருக்க வாய்ப்புக் குறைவு. கூட இருந்த யாரோ ஒருவர் ஊர் திரும்பியபின் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். அவர் யார் என்று உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். நம் பகுதியில் ஓர் ஊரிலிருந்து ஒருவர் சேர்ந்தால் பக்கத்து ஊர்களிலிருந்தும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து போவது வழக்கம். சுற்றுவட்டாரத்தில் ‘பட்டாளத்தார் வீடு’ என்று இன்னும் சொல்லப்படும் வீடுகளை விசாரியுங்கள். உங்கள் வீட்டில் நனைந்துபோன காகிதத்துக்கு இணையான ஒன்று அங்கே நனையாமல் இருக்கக்கூடும். விசாரிக்கும்போது எல்லாத் தெருக்களிலும் விசாரியுங்கள். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் என்னும் ராணுவப் பொறியாளர் படையில் பறையர் சமூகத்தினரும் கிறிஸ்தவர்களும் பெருமளவில் சேர்ந்தார்கள் என்பது பதிவான செய்தி. ஆனால் ஊரின் நினைவு எப்போதும் பெரிய தெருவின் நினைவாகவே எழுதப்படுவதால், அந்த வீடுகளைத் தேடிப் போகிறவர்கள் குறைவு.

அடுத்து நீங்கள் பிடிக்க வேண்டியது அவருடைய ராணுவ எண். பெயரை வைத்துக்கொண்டு தேடுவதால்தான் பல குடும்பங்கள் களைத்துப்போகின்றன. முத்துசாமியும் கோவிந்தசாமியும் ஒரே படைப்பிரிவில் பத்துப் பேர் இருப்பார்கள். எண் ஒருவருக்கு ஒன்றுதான். அந்த எண் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். இரண்டாம் உலகப் போரின் பதக்கங்களைப் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமல் கொடுத்தார்கள். இந்திய வீரர்களுக்கு வழங்கியபோது எண்ணையும் பெயரையும் படைப்பிரிவையும் பொறித்தே கொடுத்தார்கள். வட்டப் பதக்கமாக இருந்தால் விளிம்பில் இருக்கும். நட்சத்திரமாக இருந்தால் பின்புறத்தில் இருக்கும். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். உலர்ந்த துணியால் துடைத்து, பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் படம் எடுங்கள். நட்சத்திரத்தின் முன்புறத்து வளையத்தில் பெரும்பாலும் எந்தப் போர்முனை என்பதும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். பர்மா என்று இருந்தால் நம் ஊகம் வலுப்படும். ஆப்பிரிக்கா என்றோ இத்தாலி என்றோ இருந்தால் நான் மேலே எழுதிய இரண்டு பத்திகளையும் மறந்துவிட்டு வேறு திசையில் தேட வேண்டும்.

இத்தாலியை நான் பேச்சுக்குச் சொல்லவில்லை. ஜார்ஜ் கிராஸ் விருது பெற்ற முதல் இந்தியர் மதராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன். அவர் 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிஞ்ஞானோ என்னும் இடத்தில், வெடிக்கப்போகும் கண்ணிவெடியின்மேல் விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றி இறந்தார். நம்மவர்கள் எரித்திரியாவின் கெரன் மலையிலிருந்து இத்தாலியின் கசினோ வரை சென்றிருக்கிறார்கள். ‘பர்மா பக்கம்’ என்று குடும்பம் சொல்வது, பிற்காலத்தில் ஊரில் பர்மாவைப் பற்றிய பேச்சே அதிகம் இருந்ததால் ஒட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம்.

படத்தைப் பொறுத்தவரை, அதைச் சட்டத்திலிருந்து கழற்றுங்கள். பின்பலகைக்கும் படத்துக்கும் நடுவே தந்தியையோ பென்ஷன் சீட்டையோ மடித்து வைத்திருக்கும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன். பூஜையறைப் படத்துக்குப் பின்னால் வைத்தால் தொலையாது என்பது அந்தக் காலத்துப் பெண்களின் நம்பிக்கை. தோள்பட்டையில் பித்தளை எழுத்துகள் இருந்தால் அவற்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். படைப்பிரிவின் சுருக்கப் பெயர் அங்கேதான் இருக்கும்.

பென்ஷன் இவற்றில் எல்லாம் உறுதியான சாட்சி. உங்கள் பெரிய அப்பாயிக்கு 40 ஆண்டுகளுக்கு மேல் அரசு பணம் கொடுத்திருக்கிறது என்றால், யாருடைய மனைவி, எந்த எண், எந்தப் படைப்பிரிவு, எந்தத் தேதியில் இறப்பு என்பதை எழுதி வைத்துக்கொள்ளாமல் கொடுத்திருக்காது. அவர் பென்ஷன் வாங்கியது சார்நிலைக் கருவூலத்திலா, தபால் அலுவலகத்திலா, வங்கியிலா என்று முதலில் கேட்டறியுங்கள். பாஸ்புத்தகத்திலோ பழைய ரசீதிலோ பி.பி.ஓ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஓய்வூதியக் கொடுப்பாணை எண் இருந்தால், அதைக் குறிப்பிட்டு, அலகாபாத் என்று நாம் அறிந்த பிரயாக்ராஜிலுள்ள பாதுகாப்புக் கணக்குத் துறையின் ஓய்வூதிய அலுவலகத்துக்கு எழுதலாம். திருவாரூரில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. நேரில் போய், போரில் இறந்தவரின் மனைவி என்ற முறையில் அவர் பெயர் பழைய பதிவேட்டில் உள்ளதா என்று கேளுங்கள். நீங்கள் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வராததற்கு, அவற்றில் பெயரும் ஊரும் மட்டும் இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். எண்ணோடு எழுதிப் பாருங்கள்.

இவற்றோடு சேர்த்தே, காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தைப் பாருங்கள், கட்டணம் கிடையாது. 1917-இல் தொடங்கப்பட்ட இந்த ஆணையம் இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் பட்டியலை வைத்திருக்கிறது. இரண்டாம் போரில் இந்திய ராணுவத்தில் இருந்த சுமார் 25 லட்சம் பேரில் இறந்தவர்கள் 87,000 பேர் அளவில் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களும் இதில் அடக்கம். தேடும்போது பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, இந்திய ராணுவம், இரண்டாம் உலகப் போர் என்பவற்றைத் தேர்ந்தெடுத்து, கூடுதல் விவரம் என்னும் கட்டத்தில் ஊரின் பெயரை இடுங்கள். இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இந்த ஊர், இந்த மாவட்டம் என்று பல பதிவுகளில் அங்கே எழுதியிருக்கும். மனைவியின் பெயரும் தகப்பனார் பெயரும் ஒருசேரப் பொருந்தினால் அதற்கு மேல் ருசு வேண்டியதில்லை.

ஊர்ப் பெயரை இன்றைய எழுத்தில் தேடினால் ஒன்றும் வராது. அன்று நாகப்பட்டினமும் மாயூரமும் திருவாரூரும் தஞ்சாவூர் ஜில்லாவின் பகுதிகள். நாகப்பட்டினம் மாவட்டம் பிரிந்தது 1991-இல், திருவாரூர் 1997-இல், மயிலாடுதுறை 2020-இல். எனவே உங்கள் ஊரைத் தஞ்சாவூர் ஜில்லாவில், ‘டான்ஜோர்’ என்று வெள்ளைக்காரர் சொன்ன பெயரில்தான் தேட வேண்டும். அவ்வாறே நாகப்பட்டினம் ‘நெகபட்டாம்’, சீர்காழி ‘ஷியாளி’, மயிலாடுதுறை ‘மாயவரம்’. ஆட்பெயர்களில் ‘சாமி’யை எழுதிய விதம் தனிக்கதை: எஸ், ஏ-க்குப் பிறகு ஒரு டபிள்யூவைச் சேர்த்து ‘சாவ்மி’ என்று எழுதுவது குமாஸ்தாக்களின் பழக்கம். ‘மு’வுக்கு ஒரு ‘யு’ போட்டவரும் உண்டு, இரண்டு ‘ஓ’ போட்டவரும் உண்டு. ஒரு பெயருக்குக் குறைந்தது ஆறு விதமான எழுத்துக்கூட்டலையாவது ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள். பதவி ‘சிப்பாய்’ என்று இல்லாமல் சாப்பர், டிரைவர், பயனியர் என்று இருந்தால் தயங்க வேண்டாம். சாலை போட்டவரும் லாரி ஓட்டியவரும் அந்தப் பெயர்களில்தான் பதிவாகியிருக்கிறார்கள்.

பதிவு கிடைத்தால் எந்த நினைவுச் சின்னத்தில் அவர் பெயர் இருக்கிறது என்பதும் தெரியும். இந்துக்களும் சீக்கியர்களும் தகனம் செய்யப்பட்டதால் அவர்களுக்குத் தனிக் கல்லறை இராது. பெயர்ப் பலகைதான் இருக்கும். இம்பாலிலுள்ள தகன நினைவுச் சின்னத்தில் 868 பெயர்களும் கொஹிமாவில் 917 பெயர்களும் இருக்கின்றன. உடல் கிடைக்காமற்போனவர்களின் பெயர்கள், ரங்கூனுக்கு வடக்கே டாக்யான் கல்லறைத் தோட்டத்தின் நடுவே நிற்கும் தூண்களில், ஏறக்குறைய 27,000 பெயர்களோடு சேர்ந்திருக்கின்றன. சென்னை நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள்; கடல் கடந்து இறந்தவரை அங்கே தேடுவது பொருந்தாது.

படைப்பிரிவு தெரிந்துவிட்டால் அவருடைய கடைசி மாதங்களை ஓரளவுக்கு மீட்டெடுக்கலாம். ஒவ்வொரு பிரிவும் போர் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பது விதி. தென்கிழக்கு ஆசியப் போர்முனைக்குரியவை லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சிப்பாயின் பெயர் அவற்றில் அபூர்வமாகத்தான் வரும். ஆனால் இன்ன தேதியில் இன்ன மைல்கல்லில் பாலம் போட்டோம், மழை, அரிசி வரவில்லை, ஒருவர் இறந்தார் என்று இருக்கும். அந்த ‘ஒருவர்’ யார் என்று உங்களுக்கு மட்டும் தெரியும்.

காரணம் என்ற இடத்தில் நோய் என்று இருந்தால் வீட்டுப் பெரியவர்கள் மனம் சுருங்க வேண்டாம். 1943-இல் பர்மா போர்முனையில் காயம்பட்ட ஒருவருக்கு நோயில் விழுந்தவர்கள் 120 பேர் என்ற விகிதம் இருந்தது, பெரும்பாலும் மலேரியா. துப்பாக்கிக் குண்டை விடக் கொசுவே அந்த மலைகளில் அதிகம் பேரை வீழ்த்தியது.

திதி பற்றி உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். ஆணையத்தின் பதிவில் தேதி இருந்தால், பல்லாண்டுப் பஞ்சாங்கம் வைத்திருக்கும் புரோகிதர் ஐந்து நிமிடத்தில் திதியைச் சொல்லிவிடுவார். பங்குனி கடைசிவரை என்றால் சுபானு, சித்திரை பிறந்துவிட்டிருந்தால் தாரண. ஆனால் காணாமற்போனவர் என்று பதிவாகியிருந்தால், அந்தத் தேதி அவர் இறந்த நாளாகவே இருக்க வேண்டும் என்பதில்லை, கடைசியாகக் கணக்கில் இருந்த நாளாகவும் இருக்கலாம். அப்படியானால் இதுவரை செய்ததுபோல் மகாளய அமாவாசையிலேயே செய்யலாம். நாள் தெரியாதவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த அமாவாசை. ஒப்பாரியை அறிந்த பெண்கள் வீட்டில் இன்னும் யாராவது இருந்தால், ஆணையத்தின் இணையதளத்தைத் திறப்பதற்கு முன் அவர்களைப் பாடச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். இணையதளம் நாளைக்கும் இருக்கும்.

வாசகர், ஒரத்தநாடு

கேள்வி: எங்கள் வீட்டில் ஊறுகாய்ச் சாடிக்கு மூடியாக ஒரு கனத்த வெண்கலத் தகடு இருந்தது. சூலம் ஏந்திய ஒரு பெண்ணும் பக்கத்தில் சிங்கமும் இருப்பதால் அம்மன் என்று நினைத்து என் அத்தை அதை எடுத்துப் பூஜையில் வைத்துக் குங்குமம் இட்டு வந்தார். ஆங்கிலத்தில் எழுத்துகள் இருக்கின்றன. நடுவே எங்கள் முப்பாட்டனாரின் பெயர் போலத் தோன்றுகிறது. இது என்ன?

பதில்: உங்கள் அத்தையின் ஊகத்தில் தவறில்லை, சூலமும் சிங்கமும் இருந்தால் நம் கண்ணுக்கு வேறு யார் தெரிவார்? அந்தப் பெண் பிரிட்டானியா, பிரிட்டனின் உருவகம். சுற்றி இரண்டு கடற்பன்றிகளும் இருக்கும், பாருங்கள். முதல் உலகப் போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு அனுப்பப்பட்ட நினைவுத் தகடு இது. விட்டம் 12 சென்டிமீட்டர், ஆகவே சாடிக்கு அளவாக அமைந்துவிட்டது. 13 லட்சத்துக்கும் மேற்பட்ட தகடுகள் வார்க்கப்பட்டன. விளிம்பைச் சுற்றி எழுதியிருப்பதன் பொருள், ‘விடுதலைக்காகவும் மானத்துக்காகவும் அவர் உயிர் நீத்தார்’ என்பது. யாருடைய விடுதலை என்று 1919-இல் ஒரத்தநாட்டில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டிருந்தாலும் தகட்டில் இடமில்லை. இறந்தவர்கள் அனைவரும் சமம் என்பதற்காகப் பதவியைப் பொறிக்காமல் பெயரை மட்டும் எழுத்து மேலெழும்படி வார்த்தார்கள்.

இதன் பயன் உங்களுக்கு என்னவென்றால், குமாஸ்தா எழுதிய எழுத்துக்கூட்டல் அப்படியே வெண்கலத்தில் இருக்கிறது. மன்னார்குடி வாசகிக்கு நான் சொன்ன ஆறு எழுத்துக்கூட்டல் வேலை உங்களுக்கு இல்லை. தகட்டில் உள்ளபடியே ஆணையத்தின் இணையதளத்தில் இட்டுத் தேடுங்கள். தகட்டோடு வந்த மற்ற பதக்கங்களைப் பற்றி வீட்டில் விசாரியுங்கள். பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் பெரும்பாலும் வெள்ளியில் வந்தது; விளிம்பில் எண்ணோடு பெயர் பொறித்திருக்கும். நம் வீடுகளில் அது கொலுசாகவோ குழந்தையின் அரைஞாணாகவோ மாறியிருப்பதற்கு வாய்ப்பு அதிகம். வெண்கலம் உருக்கினாலும் காசாகாது என்பதால் தகடு தப்பித்தது.

சென்னை ராஜதானிப் படைகள் அந்தப் போரில் சென்ற இடங்களில் முக்கியமானது மெசபடோமியா, இன்றைய இராக். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் நடந்த சண்டையில் 61-ஆவது பயனியர்களும் 63-ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியும் இருந்தன. இராக்கில் இறந்து கல்லறை இல்லாதவர்களுக்காக எழுப்பப்பட்டது பஸ்ரா நினைவுச் சின்னம். 40,000-க்கும் மேற்பட்டவர்கள் அதற்குரியவர்கள். அதில் பிரிட்டிஷாரின் பெயர்களையும் இந்திய அதிகாரிகளின் பெயர்களையும் கல்லில் வெட்டினார்கள். இந்தியச் சிப்பாய்களைப் படைப்பிரிவு வாரியாக இத்தனை பேர் என்று எண்ணிக்கையாக மட்டும் குறித்தார்கள். பெயர்கள் பதிவேட்டுக்குள் இருந்தன. இந்த வேறுபாட்டை ஆராய்ந்த அறிக்கை 2021 ஏப்ரலில் வெளிவந்தபோது ஆணையம் மன்னிப்புக் கோரியது. சிப்பாய்க்கு வெறும் எண்ணிக்கையைத் தந்த அதே காலத்தில் அவர் வீட்டுக்குப் பெயர் வார்த்த தகட்டையும் அனுப்பியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால், உங்கள் சாடி மூடியின் மதிப்பு புரியும்.

தில்லியின் இந்தியா கேட்டில் எல்லார் பெயரும் இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அங்கே உள்ளவை 13,000-க்கும் சற்று மேற்பட்ட பெயர்கள், அவற்றில் பெரும்பாலானவை வடமேற்கு எல்லைப்புறத்தில் இறந்தவர்களுடையவை. உங்கள் பகுதியில் பழைய சாவடி, போர்டு ஸ்கூல், தாலுகா அலுவலகச் சுவர்களில் ஒரு சலவைக் கல்லைத் தேடிப் பாருங்கள்: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று நாட்டின் பல ஊர்களில் அப்போது பதித்தார்கள். அவற்றிலும் எண்ணிக்கைதான், பெயர் இராது. உங்களுக்கு அருகில் சேதுபாவாசத்திரத்துக் கரையில், நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி மன்னர் எழுப்பிய மனோரா எட்டு மாடியோடு நிற்கிறது. ஐரோப்பியன் ஒருவனின் தோல்விக்கு எட்டு மாடி. இங்கிருந்து போய் இறந்தவருக்கு ஒரு வரி.

வாசகர், நாகப்பட்டினம்

கேள்வி: என் பாட்டனார் 1930-களில் கப்பலேறி மலேயா சென்றார். போரின்போது நேதாஜி படையில் சேர்ந்து சயாமில் (இன்றைய தாய்லாந்தில்) இறந்தார் என்று குடும்பத்தில் சொல்கிறோம். காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பட்டியலில் தேடினேன், இல்லை. ஏன்?

பதில்: அந்தப் பட்டியலில் அவர் இருக்க முடியாது, ஐயா. பெரும்பாலும் காமன்வெல்த் நாடுகளின் சீருடையில் இறந்தவர்களுக்கானது அது. எதிர்த்து நின்ற இந்திய தேசிய ராணுவத்தினருக்கும், சீருடையே இல்லாத தோட்டத் தொழிலாளர்களுக்கும் அதில் இடமில்லை.

உங்கள் வாக்கியத்தில் இரண்டு கதைகள் ஒன்றாகிவிட்டன என்று ஐயுறுகிறேன். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தபின் மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் திரளாக அந்தப் படையில் சேர்ந்தது உண்மை. அவர்கள் சண்டைக்குச் சென்ற திசை பர்மாவும் இம்பாலும். சயாம் என்று குடும்பம் சொன்னால், நான் முதலில் நினைப்பது 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் பர்மா ரயில் பாதையை. 1942 அக்டோபர் முதல் 1943 அக்டோபர் வரை ஜப்பானியர் அதைப் போட்டார்கள். அதற்காக மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ரயிலேற்றிக் கொண்டுபோனார்கள். போர்க்கைதிகளில் சுமார் 13,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பலரின் கல்லறைகள் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசையாக, பெயரோடு இருக்கின்றன. தொழிலாளர்களில் இறந்தவர்கள் 80,000 முதல் 1,00,000 பேர் வரை என்று மதிப்பிடுகிறார்கள். மதிப்பீடு என்பதிலிருந்தே தெரியும், பெயர்ப் பட்டியல் கிடையாது.

எனவே தேடும் முறை வேறு. படையில் சேர்ந்தார் என்பது உறுதியானால் தில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் இந்திய தேசிய ராணுவம் பற்றிய கோப்புகள் இருக்கின்றன. ஒரு பகுதியை இணையத்திலேயே பார்க்கலாம். தொழிலாளராகப் போனார் என்றால், எந்தத் தோட்டம் என்பதே திறவுகோல். அங்கிருந்து வந்த மணியார்டர் துண்டுகளில் தோட்டத்தின் பெயரோ தபால் நிலையத்தின் முத்திரையோ இருக்கும். அவர் எந்த ஆண்டு கப்பலேறினார் என்பதையும் உறுதி செய்யுங்கள்: உடலுழைப்புத் தொழிலாளர்களை உதவி கொடுத்து மலேயாவுக்கு அனுப்புவதை 1938-இல் இந்திய அரசு நிறுத்திவிட்டது. அதற்கு முன் சென்றவர் என்றால் உங்கள் நாகப்பட்டினத்திலேயே இருந்த குடியேற்ற முகாமின் வழியே சென்றிருக்க வாய்ப்புண்டு. கூடச் சென்று உயிரோடு திரும்பியவர்களின் பிள்ளைகள் கெடா, பேராக் பகுதிகளில் இன்னும் இருக்கிறார்கள். தோட்டத்தின் பெயர் தெரிந்தால் அவர்களைக் கண்டுபிடிப்பது கோப்பைத் தேடுவதைவிட எளிது.

வாசகி, பாபநாசம்

கேள்வி: என் அப்பா 1987-இல் இலங்கைக்குச் சென்ற இந்திய அமைதிப்படையில் இருந்தபோது யாழ்ப்பாணத்தில் இறந்தார். அவருக்கும் இப்படியெல்லாம் தேட வேண்டுமா?

பதில்: வேண்டாம், அம்மா. 1947-க்குப் பிந்தைய வீரர்களின் ஆவணங்கள் அந்தந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்தில் இருக்கும். மதராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டனுக்கும், சாப்பர்ஸ் என்றால் பெங்களூருக்கும் அவர் எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். தில்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் அமைதிப்படையில் இறந்தவர்களின் பெயர்கள் கருங்கல்லில் இருக்கின்றன. போவதற்கு முன் அதன் இணையதளத்தில் எந்தச் சுவர் என்று பார்த்துக்கொள்ளலாம். கொழும்புக்கு அருகே ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டையிலும் அமைதிப்படையினருக்கு நினைவுச் சின்னம் உண்டு.

ஊர்ப் பொதுமக்கள் சார்பில் ஒருவர், திருவையாறு வட்டம்

கேள்வி: எங்கள் ஊரிலிருந்து இரண்டாம் போருக்குச் சென்று இறந்த ஒருவருக்குப் பள்ளி வாசலில் கல் நாட்ட விரும்புகிறோம். ஆணையத்தின் பதிவில் ஆங்கிலத்தில் உள்ள பெயர் ஒருவிதமாகவும் ஊரார் சொல்லும் பெயர் வேறுவிதமாகவும் இருக்கிறது. இறந்த தேதியிலும் குடும்பத்துக்குள் கருத்து வேறுபாடு. சாதிப் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எப்படி எழுதுவது?

பதில்: அவருடைய தாயார் அழைத்த பெயரைத் தமிழில் வெட்டுங்கள், அதற்குக் கீழே ராணுவ எண்ணையும் படைப்பிரிவையும் வெட்டுங்கள். எண் இருந்தால், நாளை எவரேனும் ஆங்கிலப் பதிவோடு ஒப்பிட வந்தால் குழம்ப மாட்டார். சாதியைச் சேர்க்காதீர்கள், ராணுவப் பதிவேட்டில் அதற்கென்று ஒரு கட்டம் வைத்து எழுதியது ஆள் சேர்த்தவர்களின் தேவை, பள்ளி வாசலில் அது யாருக்கும் தேவையில்லை. தகப்பனார் பெயரும் தாயார் பெயரும் மனைவி பெயரும் இருக்கட்டும். மூன்றாவதை விட்டுவிடுவது நம் வழக்கம். தந்தியை வாங்கியவர் அவர்தான். தேதியை வாக்கெடுப்பால் முடிவு செய்யாதீர்கள். அது உறுதியாகும் வரை அந்த வரிக்கு இடம் விட்டு மற்றவற்றை மட்டும் வெட்டச் சொல்லுங்கள். கல் நின்ற நிலையிலேயே பிறகு வந்து ஒரு வரி வெட்டுவது கல்தச்சருக்கு அரைநாள் வேலை.